திரையில் தூக்கிய கை மேசையில் தொங்குவது ஏன்?

மார்ச், ஏப்ரல் வந்தால் காட்பாடியில் உள்ள என் பட்டறைக்குக் கடைசி வருட மாணவர்கள் ரோபோ கையோடு வருவார்கள். போன வருடம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். தீப்பெட்டியை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் கை. லேப்டாப்பில் கசேபோ என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிக் காட்டினான், அருமையாக அடுக்கியது. மேசைமேல் நிஜக் கைக்குக் கரண்ட் கொடுத்ததும் தோள் 'உர்ர்' என்று முனகிவிட்டு முன்பக்கம் தொங்கிவிட்டது.

"தீப்பெட்டி என்ன அண்ணா கனம் இருந்துடப் போவுது?" என்றான்.

தீப்பெட்டியை மட்டும் கணக்கில் எடுத்து, கையின் கனத்தை மறப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மளிகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பரும், அதை இயக்கும் இரண்டு சர்வோ மோட்டாரும் 180 கிராம். தோளிலிருந்து 30 செ.மீ. தூரம் என்றால், தோளைக் கீழே திருப்பும் சுமை (எடை × தூரம்) 0.18 × 30 = 5.4 கிலோ-செ.மீ. பாதி வழியில் முழங்கை சர்வோ 55 கிராம், அது 0.8. அலுமினியத் தகடுகள் 150 கிராம், சராசரியாக 15 செ.மீ., அது 2.25. கூட்டினால் எட்டரை. தோளில் இருந்த எம்ஜி996ஆர் சர்வோ 4.8 வோல்ட்டில் 9.4 வரை தாங்கும் என்கிறது டேட்டாஷீட். ஆனால் அது மோட்டார் திணறி நின்றுவிடும் அளவு. பாதிக்கு மேல் நான் நம்புவதில்லை, அதுவும் வேலூர் வெயிலில்.

சரி, இதை சிமுலேஷன் ஏன் காட்டவில்லை? கையின் அளவு, எடை, மூட்டுகளை சிமுலேஷனுக்குச் சொல்லும் யூஆர்டிஎஃப் கோப்பைத் திறந்தால் தோள் மூட்டின் திருப்புவிசை வரம்பு 1000 என்று இருந்தது. அங்கே அலகு நியூட்டன்-மீட்டர். 9.4 கிலோ-செ.மீ. என்பது வெறும் 0.92 நியூட்டன்-மீட்டர். திரையில் இருந்தவன் ஆயிரம் மடங்கு பயில்வான்! எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோப்பு. தகடுகளின் எடையும் அப்படித்தான்.

அதே கோப்பில் கோணத்தை டிகிரியில் எழுதுபவர்களும் உண்டு. அது ரேடியன் கேட்கும், ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ரேடியன். 90 என்று போட்டால் பதினாலு சுற்றுக்கு மேல்.

இன்னொன்று, ஒரே புள்ளியை முழங்கையை மேலே தூக்கியும் தொடலாம், கீழே மடக்கியும் தொடலாம். மூட்டுக் கோணங்களைக் கண்டுபிடிக்கும் கணக்கு இரண்டு விடையும் தரும். கை இப்போது இருக்கும் நிலைக்குப் பக்கத்து விடையை எடுக்காவிட்டால் நடுவழியில் முழங்கை புரண்டு மேசையில் இடிக்கும். சர்வோவை 0 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஒரே தாவலாக அனுப்பாமல், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்ன அடியாக, மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்துங்கள்.

தொங்குகிற கையைப் பார்த்ததும் பிஐடி, அதாவது கோணப் பிழையை அளந்து அளந்து திருத்தும் புரோகிராம், எழுத உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று ஒயர் சர்வோ தன் கோணத்தைத் திருப்பிச் சொல்வதே இல்லை, எதை வைத்துப் பிழை காண்பது? அப்புறம் பவர். திணறும் சர்வோ ஒன்றே 2.5 ஆம்பியர் வரை இழுக்கும், கையை இயக்கும் ஆர்டுயினோ கன்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட் பின்னில் மாட்டினால் போர்டு ரீசெட் ஆகும். தனி சப்ளை கொடுங்கள், கிரவுண்டை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் கோப்பில் நிஜ எடைகளையும், தோளின் வரம்பாக 0.92-இல் பாதியான 0.46-ஐயும் போட்டு ஓட்டினோம். திரையிலும் கை தொங்கியது. கிரிப்பருக்கு 9 கிராம் எஸ்ஜி90 சர்வோக்களை மாற்றி, நகங்களை அக்ரிலிக்கில் வெட்டினான். தீப்பெட்டியோடு சேர்த்தே நுனி 50 கிராமுக்கு இறங்கியது. தோளின் சுமை நாலரை கிலோ-செ.மீ.க்குச் சற்று மேல், 9.4-இல் பாதிக்குள். திரையில் கை நின்றது. அதற்குப் பிறகுதான் மேசையில் சுவிட்சைப் போடவிட்டேன்.