'பார்டர்டவுன்' பார்க்கப் போகிறீர்களா? கொலைகாரனைத் தேடாதீர்கள்

மெக்சிகோவின் எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்டதைப் பற்றிய படம் இது. திரில்லர் என்று நினைத்து உட்கார்ந்தால் பாதியில் சலித்துவிடும். கொலைகாரன் யார் என்ற புதிர் இந்தப் படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, ஏவா என்ற தொழிற்சாலைப் பெண் தாக்கப்படுவதில் அவள் வேலை முடிந்து ஏறும் பேருந்தின் ஓட்டுநருக்குப் பங்கு உண்டு என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் காட்சி கொடூரமானது. பார்க்க முடியாதவர்கள் தயங்காமல் அதைத் தாண்டி ஓட்டிவிடுங்கள், கதை புரியாமல் போகாது.

முதலில் வரைபடத்தைத் திறந்து சியுதாத் ஹுவாரெஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ், அந்தப் பக்கம் அமெரிக்காவின் எல் பாசோ. 1965இல் மெக்சிகோ அரசு எல்லையோரத்தில் தொழிற்சாலைகளுக்கு வழிவிட்டது, 1994இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் வந்ததும் அவை இன்னும் பெருகின. இந்தத் தொழிற்சாலைகளை மாக்கிலதோரா என்பார்கள்: உதிரிபாகங்கள் வரியில்லாமல் உள்ளே வரும், பொருத்தி முடித்த சாமான் எல்லை தாண்டிப் போய்விடும். பொருத்தும் வேலைக்கு இளம்பெண்கள்தான் அதிகம். வீடு ஊருக்கு வெளியே, தெருவிளக்கு இல்லாத பாலைவன ஓரத்தில். ஷிப்ட் முடிவதோ நள்ளிரவில் அல்லது விடியும் முன்.

இது தெரிந்தபின் அந்தப் பேருந்துக் காட்சியைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஓட்டுநரை விட்டுவிட்டு நேரத்தைக் கவனியுங்கள், ஒவ்வொருத்தியாக இறங்கி, கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சுவதைக் கவனியுங்கள். நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொழிலாளி சில நிமிடம் தாமதமாக வந்ததால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். 2001 நவம்பரில் ஒரு பருத்தி வயலில் கிடைத்த எட்டு உடல்களில் அவருடையதும் ஒன்று. அவர்களில் மூவரின் வழக்கில், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2009இல் மெக்சிகோ அரசைப் பொறுப்பாளியாக்கியது. படம் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தத் தீர்ப்பு.

அடுத்து, ஜெனிஃபர் லோபஸ் நடித்த நிருபர் லாரனும் சிகாகோவில் இருக்கும் அவளுடைய பத்திரிகை ஆசிரியரும் (மார்ட்டின் ஷீன்) மோதும் இடம். வசனம் கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் செய்தி ஏன் அச்சேறாமல் நிற்கிறது, அதனால் யாருடைய வியாபாரம் காப்பாற்றப்படுகிறது என்று படம் நேராகப் பேசுவது இங்கேதான், அதனால் இந்தக் காட்சியில் போனை எடுக்காதீர்கள். லாரன் தானே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பேருந்தில் போகும் பகுதியும் நன்றாக வந்திருக்கிறது. நடுவில் வரும் காதல் சமாச்சாரம்? டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஒரு திருத்தம் மனதில் இருக்கட்டும். செத்தவர்கள் எல்லாருமே தொழிற்சாலைப் பெண்கள் என்று படம் நினைக்க வைத்துவிடும். அப்படியில்லை, மாணவிகளும் மற்ற வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். 1993இலிருந்து பத்து ஆண்டுகளில் ஹுவாரெஸிலும் அதே மாநிலத்தின் தலைநகரான சிவாவா நகரிலும் சேர்த்து ஏறக்குறைய 370 பெண்கள் கொல்லப்பட்டதாகவும், அவர்களில் குறைந்தது 137 பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்றும் 2003இல் ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் அறிக்கை சொன்னது. எல்லாவற்றுக்கும் ஒரே கொலைகாரன், ஒரே காரணம் என்று எதுவும் இல்லை.

டப்பிங் வேண்டாம், மூல ஒலியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். எப்போது ஆங்கிலம், எப்போது ஸ்பானிஷ் என்பதே யார் யாருக்கு அந்நியம் என்று காட்டிவிடும்.

அப்புறம் லூர்து போர்ட்டியோ 2001இல் எடுத்த 'செனோரித்தா எக்ஸ்த்ராவியாதா' ஆவணப்படம் கிடைத்தால் பாருங்கள். அதில் நடிகர்கள் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களே பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்க வேண்டாம், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.