ஆப்ஜெக்ட்டா, காம்ப்ளிமென்ட்டா? குழம்பாமல் கண்டுபிடிக்க

வெர்புக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தாலே ‘ஓ’ (ஆப்ஜெக்ட்) என்று எழுதிவிடுவதுதான் ஆங்கிலத் தேர்வின் சென்டென்ஸ் பேட்டர்ன் (வாக்கிய அமைப்பு) கேள்வியில் மார்க் போகக் காரணம். சொல் நிற்கும் இடத்தை விடுங்கள். அது யாரை, எதைக் குறிக்கிறது என்று பாருங்கள்.

படி 1: வெர்பை அடிக்கோடிடுங்கள். துணைவினையையும் சேர்த்துத்தான்: ‘ஹேவ் சோல்டு’ ஒரே வெர்ப்.

படி 2: ‘எதை, யாரை, என்ன?’ என்று கேளுங்கள். ‘தி ஃபார்மர்ஸ் ஹேவ் சோல்டு டொமேட்டோஸ் அட் பாலக்கோடு.’ எதை விற்றார்கள்? தக்காளியை. ‘அட் பாலக்கோடு’ என்பது ‘எங்கே’ என்பதற்குப் பதில். அது அட்ஜங்ட், அதாவது ‘ஏ’. ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: கிடைத்த பதிலும் சப்ஜெக்ட்டும் ஒன்றா? விவசாயி வேறு, தக்காளி வேறு. எனவே ஆப்ஜெக்ட். ‘முருகன் பிகேம் எ டிரைவர்’ என்றால் முருகன்தான் டிரைவர். எனவே காம்ப்ளிமென்ட், அதாவது ‘சி’. ‘ஸ்வீட்’, ‘ஹாட்’ போலத் தனியாக நிற்கும் அட்ஜெக்டிவ் ஆப்ஜெக்ட் ஆகாது.

ஒரே வெர்ப் இரண்டு வேலையும் செய்யும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘தே க்ரோ ரோஸஸ் இன் ஓசூர்’, ‘தி டேஸ் க்ரோ ஹாட்’ இரண்டையும் பாருங்கள். ‘க்ரோ’வை எடுத்துவிட்டு ‘ஆர்’ போடுங்கள். ‘தி டேஸ் ஆர் ஹாட்’ பொருள் தருகிறது, ஆகவே காம்ப்ளிமென்ட். ‘தே ஆர் ரோஸஸ்’ என்றால் விவசாயிகளே ரோஜா ஆகிவிடுவார்கள், ஆகவே ஆப்ஜெக்ட்.

பாஸிவ் வாய்ஸுக்கு மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ‘ஷீ ஹேஸ் எ சைக்கிள்’ பாஸிவ் ஆகாது. இருந்தும் ‘சைக்கிள்’ ஆப்ஜெக்ட்தான். அதேபோல் ‘ஹீ ஹர்ட் ஹிம்செல்ஃப்’ வாக்கியத்தில் இருவரும் ஒருவரே என்றாலும், ‘யாரைக் காயப்படுத்தினான்?’ என்பதற்குப் பதில் வருவதால் ‘ஹிம்செல்ஃப்’ ஆப்ஜெக்ட். படி 3-க்கு இது விலக்கு.

படி 4: வெர்புக்குப் பின் இரண்டு பெயர்ச்சொல் இருந்தால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

‘தி டிரேடர் கேவ் தி ஃபார்மர் எ ரிசீப்ட்’: விவசாயி வேறு, ரசீது வேறு. யாருக்கு? விவசாயிக்கு: ‘ஐஓ’ (இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்). எதை? ரசீதை: ‘டிஓ’ (டைரக்ட் ஆப்ஜெக்ட்).

‘தே மேட் கவிதா லீடர்’: கவிதாதான் லீடர். ஆகவே எஸ்விஓசி (சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட்). தமிழில் ‘கவிதாவை லீடராக ஆக்கினார்கள்’ என்போம். ‘ஐ’ உருபு வரும் சொல் ஆப்ஜெக்ட், ‘ஆக’ வரும் சொல் காம்ப்ளிமென்ட். இந்த வகை வாக்கியத்துக்கு நல்ல துப்பு இது.

எல்லா இடத்திலும் இந்தத் துப்பு கைகொடுக்காது. ‘தர்மபுரிக்கு வந்து சேர்ந்தோம்’ என்பதில் ‘கு’ இருப்பதால்தான் ‘வி ரீச்டு டு தர்மபுரி’ என்று தப்பாக எழுதுகிறார்கள். ‘ரீச்’ நேராக ஆப்ஜெக்ட்டை எடுக்கும், ‘டு’ வேண்டாம். ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்பதும் அப்படித்தான். ‘ஐ லைக் மேங்கோஸ்’ என்னும்போது ‘எனக்கு’ சப்ஜெக்ட் ஆகிவிடுகிறது, மாம்பழம் ஆப்ஜெக்ட்.