சின்ன வெங்காயம் பட்டறையில் அழுகாமல் இருக்க

விலை படுத்துவிட்டால் வெங்காயத்தைப் பட்டறை போட்டுவிட்டு, அதாவது குவித்து மேலே ஓலை மூடிச் சேமித்துவிட்டு, காத்திருப்போம். சில வாரம் கழித்து ஓலையை விலக்கும்போது நாற்றம் முகத்தில் அடித்தால், உள்ளே பாக்டீரியா மென் அழுகல் வேலையைத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு எந்த மருந்தும் உதவாது. கடைக்காரர் பூஞ்சாணக் கொல்லியை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். இது பூஞ்சாணமே அல்ல.

முதலில் நோயை அடையாளம் காணுங்கள். காயின் கழுத்தை, அதாவது இலை கிளம்பும் மேல்பகுதியை, இரு விரலால் அழுத்துங்கள். கொழகொழவென்று நீர் கசிந்து, வாடை வந்தால் மென் அழுகல். தோலில் கருப்புப் பொடி மட்டும் படிந்திருந்தால் அது கரும்பூஞ்சை, வேறு கதை. மென் அழுகலை உண்டாக்கும் கிருமி பெக்டோபாக்டீரியம்; அதன் பழைய பெயர் எர்வினியா. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை இது கரைத்துவிடுகிறது. அதனால்தான் கெட்டியான காய் கூழாகிறது. நல்ல தோலைத் துளைத்து நுழைய இதற்குத் தெரியாது. காயமும் ஈரமும் வேண்டும். இனிச் சொல்லும் வேலைகள் எல்லாம் அந்த இரண்டையும் தடுப்பதற்குத்தான்.

அடுத்தது தண்ணீர். தாள், அதாவது வெங்காயத்தின் இலை, சாயத் தொடங்கியதும், அறுவடைக்குப் பத்து நாள் முன்பே பாசனத்தை நிறுத்துங்கள். எடை குறையுமே என்று கடைசித் தண்ணீர் விடுபவர்கள் உண்டு. அப்படி விட்ட காயை உடனே விற்றுவிடுவது நல்லது. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த காய்க்கும் இதுவே என் யோசனை.

மூன்றாவது காயவைத்தல். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நானும் ஒருமுறை வானம் கருத்ததைப் பார்த்துப் பச்சைத் தாளோடு அள்ளி அடுக்கி, பாதியை இழந்தேன். பிடுங்கிய வெங்காயத்தை வயலிலேயே வரிசையாகப் பரப்புங்கள். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடட்டும். வெயில் நேரே பட்டால் காய் வெந்துவிடும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் ஆகும். கழுத்து சுருங்கி, தோல் சரசரக்க வேண்டும். அதன் பிறகே, இரண்டு சென்டிமீட்டர் விட்டுத் தாளை அறுங்கள். பச்சைக் கழுத்தை அறுப்பது கிருமிக்கு வாசலைத் திறந்து வைப்பதுதான். தாளோடு பட்டறை போடுபவர்களும் தாள் சருகாகும்வரை பொறுக்க வேண்டும்.

பிறகு பொறுக்கிப் பிரித்தெடுங்கள். மண்வெட்டி பட்டது, நசுங்கியது, கழுத்து தடித்தது எதுவும் பட்டறைக்குள் போகக்கூடாது. கூடையைத் தூக்கி எறியாமல் இறக்கச் சொல்லுங்கள்.

பட்டறை தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்து, அடியிலும் பக்கத்திலும் காற்றுப் புகுமாறு இருக்கட்டும். மேலே ஓலை நல்லது. தார்ப்பாயை மழைக்கு மட்டும் போட்டு, விட்டதும் எடுத்துவிடுங்கள்; மூடியே கிடந்தால் உள்ளே வியர்த்துவிடும். வாரம் ஒருமுறை மோந்து பாருங்கள். வாடை வந்த இடத்தைப் பிரித்து, அழுகியதோடு அதைத் தொட்டுக்கொண்டிருந்த ஈரக் காயையும் எடுத்துவிடுங்கள்.

அழுகியதைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ கொட்டினால் நோய் மறுபடியும் வயலுக்கே வரும். தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். கத்தியையும் கூடையையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவிக் காயவையுங்கள். அந்த வயலில் அடுத்த போகத்துக்குச் சோளமோ மக்காச்சோளமோ போடலாம். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு வேண்டாம், அவற்றையும் இதே கிருமி அழுக வைக்கும்.