கோடையில் பால் குறைந்த பசு: கடைசியில் சிக்கல் தண்ணீரில்தான்

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் எங்கள் ஜெர்சி கலப்புப் பசுவுக்குப் பால் குறைந்தது. காலைக் கறவை பரவாயில்லை, சாயங்காலம்தான் பாதியாக இறங்கியது. மடிநோயாக இருக்குமோ என்று மருத்துவரைக் கூப்பிட்டோம். மடி சுத்தமாக இருந்தது. தாது உப்புக் கலவை கொடுத்தோம். சோளத்தட்டைக் குறைத்துப் பச்சைத் தீவனத்தைக் கூட்டினோம். பருத்திக்கொட்டையும் போட்டுப் பார்த்தாச்சு. செலவுதான் ஏறியது.

அப்புறம் ஒரு மத்தியானம் கவனித்தேன். பசு தொட்டியில் வாயை வைத்ததும் இழுத்துக்கொண்டது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. கையை விட்டுப் பார்த்தால் குளிக்கிற வெந்நீர்! சிமெண்ட் தொட்டி வெயிலில் கிடக்கிறது. தண்ணீர் வருகிற கறுப்பு ஓஸ் குழாயோ வரப்பு மேலேயே காய்கிறது. புதிதாகத் திறந்துவிட்டாலும் முதலில் வருவது சூடுதான். காலையில் அதே தொட்டியில் பசு நன்றாகக் குடித்ததால் பிடிபடவே இல்லை.

பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். கறவை மாடு கோடையில் நாளுக்கு 80 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும்.

தொட்டிக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். ஓஸை ஒரு முழ ஆழத்தில் புதைத்தோம். மத்தியானம் தொட்டியைக் காலி செய்து, முதலில் வருகிற சூட்டுத் தண்ணீரை வாழைக்கு விட்டுவிட்டு, குளிர்ந்த பிறகே நிரப்புகிறோம். சாயங்காலப் பால் அந்த வாரமே ஏறத் தொடங்கியது. பருத்திக்கொட்டையை நிறுத்தவில்லை, அப்பா விடமாட்டார்.