டிஃபென்ஸ் லைன்ல நிக்க எவ்ளோ வெயிட் வேணும்?

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் அமெரிக்கன் ஃபுட்பால் கத்துக்க வர்ற பசங்க முதல்ல கேக்குறது, "ண்ணா, எத்தன கிலோ ஏத்தணும்?" கிலோவ அப்புறம் பாக்கலாம்டா தம்பி, டிஃபென்ஸ் லைன்னா எதிர் டீம முன்னாடி நின்னு தடுக்குற வரிசை, அந்த லைன்ல நீ எங்க நிக்கப் போறன்னு சொல்லு.

எதிர் டீம்ல பந்த பின்னாடி குடுத்து ஆட்டத்த ஆரம்பிக்கிறவன் சென்டர், அவனுக்கு நேரா நிக்கிறவன் நோஸ் டேக்கிள், ரெண்டு பேர் சேந்து தள்ளுனாலும் எடத்த வுடக்கூடாது, அதான் அவன் வேல, அதனால வெயிட் வேணும். அமெரிக்காவோட பெரிய லீக்கான என்எஃப்எல்ல ஆடுன வின்ஸ் வில்ஃபோர்க் 6 அடி 2 இன்ச், 147 கிலோ. ஓரத்துல நிக்கிற எண்ட் அப்படி இல்ல, பந்த வீசுற குவாட்டர்பேக்க தொரத்தணும், மைல்ஸ் காரெட் 6 அடி 4 இன்ச், 123 கிலோதான், ஆனா கை நீளம். கை நீளமா இருந்தா எதிர்ல நிக்கிறவன் நம்மள தொடறதுக்கு முன்னாடியே அவன் நெஞ்சுல நம்ம கை வுழுந்துடும்.

எனக்கு ரொம்ப புடிச்சவரு ஆரோன் டொனால்ட். நடுவுலதான் ஆடுனாரு, ஆனா 6 அடி 1 இன்ச், 127 கிலோதான். சைஸ் பத்தாதுன்னு பேசுனாங்க, டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குற டிராஃப்ட்ல, 2014ல, 13வது ஆளாதான் எடுத்தாங்க. 2017, 2018, 2020னு மூணு வாட்டி அந்த வருஷத்தோட பெஸ்ட் டிஃபென்ஸ் பிளேயர் அவருதான்.

நம்ம பசங்கள்ல பாதிப்பேரு 5 அடி 8, 9 இன்ச்தான் இருப்பாங்க, அவங்களுக்கு என் கணக்கு எண்டுக்கு 85லேர்ந்து 95 கிலோ, நடுவுல நிக்க 100லேர்ந்து 110 கிலோ. அதுக்கு மேல தொப்பையாதான் ஏறும். எங்க கிரவுண்ட்ல 104 கிலோ பையன் ஒருத்தன், எதிர்ல 84 கிலோ, கபடில கார்னர் ஆடுறவன். இவன் நிமிந்து எழுந்தான், அவன் முட்டிய மடக்கி அடியில பூந்து தூக்குனான், மண்ணுல இவன் குதிகால் ரெண்டும் இழுத்த கோடு நாலடிக்கு அப்படியே கெடந்துது. அவன் பலம் கிலோல இல்ல, இடுப்பு கீழ இருந்துது பாரு, அங்க.

வெயிட் ஏத்துறது மாசத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல போவாத. புரோட்டீன் ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடம்புக்கு 1.6 கிராம், அப்போ 90 கிலோ ஆளுக்கு 144 கிராம். ஒரு முட்டைல 6 கிராம்தான் கெடைக்கும், அதனால முட்டைய மட்டும் நம்பாம காசிமேட்டுல காலையில நெத்திலி, சங்கரா வாங்கு, பீஃப் சாப்புடுவன்னா அது இன்னும் நல்லது, சாயங்காலம் சுண்டல். பரோட்டாவ அடுக்குனா கிலோ ஏறும், ஸ்குவாட்லயும் டெட்லிஃப்ட்லயும் தூக்குற வெயிட்டு கூடவே ஏறலன்னா அது லைன்ல ஒதவாது.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 10 கெஜம் ஓடி ஃபோன்ல டைம் புடி. வெயிட் ஏறி டைமும் அப்படியே இருந்தா தொடரு, டைம் கூடுதுன்னா ஏத்துறத அங்கியே நிறுத்து.

அப்புறம் நம்ம ஊரு புழுக்கம், பெரிய உடம்பு சீக்கிரம் சூடாவும், ஏப்ரல், மே மாசத்துல பிராக்டிஸ காலையில 6 மணிக்கே வெச்சிக்கோ, உப்பு போட்ட மோர் கையில இருக்கட்டும், எவனாவது தல சுத்துதுன்னு சொன்னா ஹெல்மெட்டயும் பேடையும் கழட்டி நெழல்ல உக்கார வெச்சு தலையில தண்ணி ஊத்து, அன்னிக்கு திரும்ப அவன எறக்காத.