பைக் பாகங்களில் லேசர் பொறிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புரட்டாசி மாதத்தில், வாடிக்கையாளர் ஒருவர் தம் பைக்கின் குரோம் லெக் கார்டைக் கழற்றி எடுத்து வந்து, அதில் தம் மகளின் பெயரைப் பொறித்துத் தரும்படி கேட்டார். உலோகத்தில் பொறிக்கப் பயன்படும் 20 வாட் ஃபைபர் லேசரில் பொறித்துக் கொடுத்தேன். கண்ணாடி போன்ற குரோமின் மேல் 'யாழினி' என்ற பெயர் கரிய எழுத்துகளில் அன்று மிக அழகாகவே இருந்தது. கார்த்திகை மழை முடிந்து அவர் மறுபடியும் வந்தபோது, 'ழி' எழுத்தின் வளைவை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு கசிந்திருந்தது. நகத்தால் தொட்டதும் அந்த இடத்தில் பூச்சு செதிலாகப் பெயர்ந்து வந்தது. குரோம் முழுவதையும் உரித்துப் புதிதாக முலாம் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன், ஏனெனில் தவறு முழுக்க முழுக்க என்னுடையது.

லேசர், பெயிண்ட் அடிப்பதைப் போல ஒரு பரப்பின் மேல் எதையும் சேர்ப்பதில்லை. அது இருப்பதை எடுக்கிறது, அல்லது சூடாக்கி மாற்றுகிறது. பைக்கில் கண்ணுக்குத் தெரியும் உலோகப் பாகங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு மேல்தோலைப் போர்த்திக்கொண்டுதான் மழையையும் வெயிலையும் தாங்குகின்றன. அந்தத் தோல் எது, எவ்வளவு தடிமன், அதன் அடியில் என்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்காமல் எந்திரத்தை இயக்குவதுதான் இந்தத் தொழிலில் நான் மிக அதிகமாகக் காணும் தவறு.

குரோமை எடுத்துக்கொள்வோம். அலங்காரத்துக்காகப் பூசப்படும் குரோம், பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான படலம். அதன் கீழே இருக்கும் நிக்கல்தான் உண்மையில் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. அந்த நிக்கலும்கூடப் பெரும்பாலும் சில பத்து மைக்ரான்களைத் தாண்டுவதில்லை. எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு மூன்று முறை ஓட்டினால் லேசர் இரண்டையும் துளைத்து இரும்பைத் தொட்டுவிடும். அங்கே புகும் ஈரம் எழுத்தோடு நின்றுவிடாமல், பூச்சின் அடியில் பக்கவாட்டில் பரவிப் பக்கத்துக் குரோமையும் தூக்கிவிடும். போதாக்குறைக்கு, குரோமைச் சுடும்போது எழும் புகை நுரையீரலுக்குக் கேடானது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் இல்லாத கடையில் அந்த வேலையைச் செய்யவே கூடாது. இப்போது குரோம் பாகத்தைக் கொண்டுவருபவர்களிடம், அதே அளவில் ஒரு ஸ்டீல் தகட்டில் பெயரைப் பொறித்துப் பாகத்தின் மேல் பொருத்திக்கொள்ளும்படி சொல்லிவிடுகிறேன்.

பவுடர் கோட்டிங், அதாவது தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைத்த பூச்சு, உள்ள பாகங்கள் வேறு வகை. அந்தப் பூச்சு சுமார் 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் கொண்டது என்பதால், கருப்பு நிறத்தை மட்டும் உரித்து அடியில் உள்ள உலோகத்தைப் பளிச்சென்று காட்ட முடியும். அடியில் இருப்பது அலுமினியக் கலவை என்றால், மேலே நல்ல கிளியர் லாக்கர் அடித்தபின் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரும்பு என்றால், லாக்கர் அடிப்பதை மறுநாளுக்குத் தள்ளிப்போடுவதே தவறு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓர் இரவுக் காற்று போதும், உரித்த இடம் செம்பழுப்பாகத் தொடங்கிவிடும்.

லேசருக்கு மிகவும் இணக்கமானது ஆனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்த்த, அலுமினியம். கடைகளில் சிவப்பு, நீலம், பொன்நிறம் என்று கிடைக்கும் பார் எண்டுகளும் பிரேக் ஆயில் டப்பா மூடிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். அதன் ஆக்சைடு படலத்துக்குள் ஊறியிருக்கும் சாயத்தை மட்டும் லேசர் வெளுக்கச் செய்கிறது. படலம் அப்படியே இருக்கும், எழுத்து வெண்மையாகத் தெரியும். துடிப்பின் நீளத்தை மாற்றக்கூடிய மோபா வகை லேசரில், சாயமேறாத ஆனோடைஸ் பரப்பில் கருப்பு எழுத்தும் கொண்டுவர முடியும். இங்கே நேரும் பிழை பேராசையால் வருவது. விரலால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும் என்று ஆற்றலைக் கூட்டினால் படலம் உடைந்து, அழகான வெண்மை போய்ச் சாம்பல் நிறம் வந்துவிடும். பிரேக் ஆயில் மூடியில் இன்னொரு கவனமும் தேவை. எந்த ஆயிலை ஊற்ற வேண்டும் என்ற குறிப்பு அந்த மூடியின் மேல்தான் இருக்கும்; பெயரைப் பொறிக்க இடம் தேடி அதை அழித்துவிடக் கூடாது.

சைலன்சரில் வண்ணம் வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். துருப்பிடிக்காத எஃகை லேசரால் மெல்லச் சூடாக்கினால் அதன் மேல் ஆக்சைடு படலம் வளர்கிறது; படலத்தின் தடிமனைப் பொறுத்து மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் மாறுகிறது. ஆனால் எஞ்சினிலிருந்து வெளிவரும் வளைகுழாயும் தன் சொந்தச் சூட்டில் இதே வேலையைத்தான் செய்கிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறத்தையும், 500 டிகிரியைத் தாண்டியபின் நீலத்தையும் அந்த எஃகு தானாகவே பெற்றுவிடும். ஆகவே வளைகுழாயில் நாம் தீட்டிய மயில் சில நெடும்பயணங்களிலேயே சுற்றியுள்ள நிறத்தோடு கரைந்துபோவது இயல்பு. வண்ண வேலை வேண்டுமென்றால் சூடு குறைவான வால்பகுதியிலோ, குழாயின் மேல் தனியாகத் திருகப்பட்டிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டிலோ செய்வது நல்லது. எஃகை அளவுக்கு மீறிச் சூடாக்கினால், துருவைத் தடுக்கும் குரோமியம் அந்த இடத்தில் ஆக்சைடாகக் கட்டுண்டு போய், 'துருப்பிடிக்காத' எஃகும் எழுத்து வடிவிலேயே துருப்பிடிக்கும்.

இதுவரை சொன்னவை அழகு கெடும் தவறுகள். உயிருக்கு ஆபத்தாகும் தவறுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹேண்டில்பார், பிரேக் லிவர், ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்ப், ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தின் ஆக்சில், அலாய் வீலின் ஆரங்கள் ஆகியவை ஒவ்வொரு குலுங்கலிலும் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருப்பவை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விசை விழும் உலோகத்தில் விரிசல் பெரும்பாலும் ஒரு கீறலில்தான் பிறக்கிறது. லேசர் வெட்டிய பள்ளத்தின் கூர்மையான அடிப்பகுதி அப்படியொரு கீறல். விசை அங்கே குவியும். எஃகுக்காவது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை விசை விழுந்தாலும் களைத்துப்போகாத ஓர் எல்லை உண்டு. அலுமினியக் கலவைகளுக்கு அந்த எல்லையே கிடையாது. சிறிய விசையும் போதுமான முறை விழுந்தால் ஒருநாள் உடைத்துவிடும். லிவர் முறிவது வீட்டு வாசலில் நிற்கும்போது அல்ல, அவசரமாக அழுத்திப் பிடிக்கும் கணத்தில்தான். எனவே பைக்கின் எடையையோ, ஓட்டுபவரின் எடையையோ, பிரேக்கின் விசையையோ தாங்கும் எந்தப் பாகத்திலும் ஆழமாகப் பொறிப்பதில்லை என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும் அதில் மாற்றமில்லை. முன் ஃபோர்க்கின் வழுவழுப்பான குழாயிலும் அப்படித்தான். அதில் ஒரு சிறு சொரசொரப்பு இருந்தாலும் ஆயில் சீல் கிழிந்து, ஆயில் வழிந்து பிரேக் டிஸ்க்கின் மேல் படியும். டிஸ்க்கில் பேட் உராயும் பரப்பைத் தொடவே கூடாது.

பெட்ரோல் டேங்க்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. பெட்ரோலைக் காலி செய்துவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. எரிவது திரவம் அல்ல, காற்றோடு கலந்த ஆவி; காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் வெடிக்கும். அந்த அளவு நிறைந்த டேங்க்குக்குள் அமைவதைவிட, அப்போதுதான் காலி செய்த டேங்க்குக்குள் எளிதாக அமைந்துவிடுகிறது. டேங்க்கின் மூடியை மட்டும் கழற்றி, துடைத்து, காற்றாட வைத்துவிட்டுப் பொறிக்கலாம். டேங்க்கின் உடம்பை லேசருக்கு அடியில் கொண்டுபோகவே வேண்டாம்.

சீட் உறையில் பெயர் பொறிக்க கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பயன்படுத்துவார்கள். உண்மையான தோல் என்றால் செய்யலாம். ஆனால் நம் ஊர்ப் பைக்குகளின் சீட்டில் பெரும்பாலும் இருப்பது ரெக்சின், அதாவது பி.வி.சி. பூசிய துணி. அதைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது மூச்சுக்குழாயை எரிப்பதோடு, ஈரக்காற்றில் அமிலமாகி எந்திரத்தின் கண்ணாடிகளையும் அதன் தலை நகரும் தண்டவாளங்களையும் அரித்துவிடும். ஒரு செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்துண்டைத் தொட்டு, மறுபடியும் நெருப்பில் காட்டினால், குளோரின் இருக்கும்பட்சத்தில் சுவாலை பச்சையாக எரியும். காற்றோட்டமான இடத்தில் இரண்டு நிமிடம் செலவிட்டால் முடியும் சோதனை இது. ஹெல்மெட்டையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். அதன் ஓடு முழுமையாக இருக்கும்போதுதான் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 சோதனையில் தேறியது. அதில் பள்ளம் தோண்டியபின் அந்த முத்திரைக்குப் பொருளில்லை.

லேசர் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிவதில் நடக்கும் தவறு, அணியாமல் இருப்பது மட்டுமல்ல, தவறான கண்ணாடியை அணிவதும்தான். ஃபைபர் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இமை தானாக மூடாது, ஒளி நேராக விழித்திரையில் குவியும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்காக விற்கும் நிறமற்ற கண்ணாடி, இந்த அலைநீளத்தைத் தடையின்றி உள்ளே விட்டுவிடும். கண்ணாடிச் சட்டத்தின் மேல் 1064 என்ற எண் அடங்கிய வரம்பு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். குரோமும் பாலிஷ் செய்த அலுமினியமும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் வாடிக்கையாளருக்கும் அதே கண்ணாடி தேவை.

எந்திரத்தை அமைப்பதில் உள்ள பிழைகள் ஓரிரு வேலைகளிலேயே பழகிவிடும். கிளட்ச் கவர் போன்ற வளைந்த பரப்பில் நடு எழுத்து கருப்பாகவும் ஓர எழுத்துகள் மங்கலாகவும் வந்தால் காரணம் குவியம் (ஃபோகஸ்). 110 மி.மீ. சதுரப் பரப்பில் பொறிக்கும் வழக்கமான லென்ஸில் சில மில்லிமீட்டர் உயர வேறுபாட்டையே சமாளிக்க முடியும். அதே கலவையிலான உடைந்த பாகம் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, முதலில் அதில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

தமிழ் எழுத்துகளில் நேரும் பிழை நம்மவர்களுக்கே உரியது என்பதால் தனியாகச் சொல்கிறேன். லேசர் மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துகளை முறையாக அடுக்கத் தெரியாது. 'துணை' என்று நேரடியாகத் தட்டினால், ணகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். 'கோ'வின் கொம்பும் காலும் இடம் மாறும். தமிழ் தெரியாத பணியாளர் அதை அப்படியே பொறித்துவிடுவார், உலோகத்தில் அழிரப்பர் கிடையாது. இங்க்ஸ்கேப், கோரல் டிரா போன்றவற்றில் தட்டச்சு செய்து, எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடுகளை இணைத்தபிறகே லேசருக்கு அனுப்ப வேண்டும். இணைக்காவிட்டால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் பொறிபடாமல் வெள்ளையாக நின்றுவிடும். எழுத்தை மிகச் சிறிதாக்கினால் முதலில் அடைபடுவது புள்ளிதான். 'முருகன் துணை' என்பதில் னகரத்தின் புள்ளி போய்விட்டால் முருகனே பிழையாகிவிடுவார். சாமி பெயரையும் உருவத்தையும் கால் படும் கிக்கரிலும் கியர் லிவரிலும் கேட்பவர்களிடம், பொறிக்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பின்னால் வீட்டுப் பெரியவர்கள் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும் இடத்தின் அருகே பொறிப்பதும், அந்த இடத்தைப் பாலிஷ் போடுவதும் கூடாது. எண் மங்கினாலே, திருட்டு வண்டி என்ற ஐயத்துக்கு உரிமையாளர் பதில் சொல்ல வேண்டி வரும். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் ஏற்கெனவே லேசரால் இட்ட நிரந்தர அடையாள எண் இருக்கிறது. நம் லேசருக்கு அங்கே வேலையில்லை.

கடைசியாக, கழற்றிய பாகம் மேசையில் கிடக்கும்போது அதற்கு மேல் கீழ் தெரியாது. ஒரு கிளட்ச் கவரை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்துப் பொறித்தேன். வண்டியில் மாட்டியபோது பெயர் முழுவதும் முன்சக்கரத்தை நோக்கிச் சரிந்திருந்தது. இப்போது வண்டி சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிற்கும்போதே, பாகத்தைக் கழற்றும் முன், அதன் மேல் காகித டேப் ஒட்டித் தரைக்கு இணையாக ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். பெயரை உண்மை அளவில் காகிதத்தில் அச்செடுத்து அந்தக் கோட்டின் மேல் ஒட்டி, உரிமையாளரை நான்கு அடி தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறேன். அவர் தலையசைத்தபிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறேன்.