ஒளியை மூன்று பெட்டிக்குள் அடைக்காதீர்கள்

ஒளி ஊடுருவும் பொருள், பகுதி ஊடுருவும் பொருள், ஊடுருவாப் பொருள் என்று பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் தப்பில்லை. ஒரு பொருள் ஒளியை ஒரே ஒரு விதமாகத்தான் நடத்தும் என்று அதிலிருந்து புரிந்துகொள்வதுதான் தவறு. எதில் பட்டாலும் ஒளியில் ஒரு பங்கு திரும்பும், ஒரு பங்கு உள்ளே நுழையும், நுழைந்ததில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டு வெப்பமாகும். அளவுதான் பொருளுக்குப் பொருள் மாறுகிறது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனால், அங்குள்ள கறுப்புத் தரையைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘கறுப்பு எல்லா ஒளியையும் உறிஞ்சிவிடும்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அதில் ஜன்னல் வெளிச்சம் பளபளப்பது குழப்பமாக இருக்கும். அந்தக் குழப்பம் நல்லது, அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள். உள்ளே நுழையும் ஒளியைத்தான் கறுப்பு உறிஞ்சுகிறது. மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் சிறு பங்கு, தரை வழவழப்பாக இருப்பதால் சிதறாமல் ஒழுங்காகத் திரும்புகிறது. சாய்வாகப் பார்க்கப் பார்க்கப் பளபளப்பு கூடும். வெள்ளைச் சுவரோ அந்தத் தரையைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் அதில் முகம் தெரிவதில்லை. அதனால் ‘கண்ணாடிதான் எதிரொளிக்கும், சுவர் எதிரொளிக்காது’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். சுவர் கண்ணுக்குத் தெரிவதே எதிரொளிப்பால்தான்.

ஜன்னல் கண்ணாடியும் எல்லா ஒளியையும் விட்டுவிடுவதில்லை. நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு திரும்பிவிடும். இரவில் பஸ் ஜன்னலில் நம் முகம் தெரிவது அப்படித்தான். பகலிலும் திரும்பத்தான் செய்கிறது, வெளி வெளிச்சத்துக்கு முன் அது எடுபடுவதில்லை.

நேந்திரங்காய் சிப்ஸ் மடித்த தாளில் எண்ணெய் பட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். தாளின் நார்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தில் இப்போது எண்ணெய். நாரும் எண்ணெயும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் விலக்குவதால் (அதாவது திசை திருப்புவதால்) சிதறல் குறைந்து, வெளிச்சம் கூடுதலாக ஊடுருவுகிறது. அதே தாள்தான், பட்டியலில் இடம் மாறிவிட்டது!

அடுத்த தவறு, ‘தண்ணீர் ஒளியை வளைக்கும்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது. தண்ணீருக்குள் ஒளி நேராகத்தான் போகிறது. காற்றும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில், சாய்வாக வரும்போது மட்டும் திசை மாறுகிறது. இது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழந்தைகளுக்கு வெறும் பாடம் இல்லை. ஊருக்கு ஊர் குளம் இருக்கிறது. 4 அடி ஆழம் மேலிருந்து பார்க்க 3 அடியாகத்தான் தெரியும். நீச்சல் தெரியாத பிள்ளையிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கன்னியாகுமரியில் மாலைச் சூரியனைக் காட்டும்போதும் இதையே விளக்கலாம். வளிமண்டலம் ஒளியை விலக்குவதால் சூரியன் ஏறத்தாழ அரை டிகிரி மேலே தெரிகிறது. அதன் அகலமே அவ்வளவுதான். ஆகவே அடிவிளிம்பு கடலைத் தொடுவதாக நாம் பார்க்கும்போது, உண்மையில் அது முழுசாகத் தொடுவானுக்குக் கீழே போயிருக்கும்.

ஆனால் உச்சி வெயிலில் எக்ஸ்ரே பிலிமையோ கலர் கண்ணாடியையோ கண்ணுக்கு வைத்துச் சூரியனைப் பார்க்க விடவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை மங்கலாக்கினாலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் அவற்றின் வழியே போய் விழித்திரையைச் சுட்டுவிடலாம். விழித்திரையில் வலி தெரியாது என்பதால் பிள்ளை அழவும் அழாது.